மாமனாரோடு ஆடிய தாயம்

உழுகிறவனுக்கே நிலம் என்று கொடிக்கம்பத்துக்குக் கொடிக்கம்பம் கட்சிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் என் மாமனார் முப்பது வருஷமாகக் குத்தகைக்கு உழுத வயலை மிராசுதார் திருப்பிக் கேட்டார். கேஸ் நடந்தது. தை பிறந்து சம்பா முற்றியபோது, தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் வயலில் இறங்கக் கூடாது என்று தடை வந்தது. வரப்பில் போலீஸ் நின்றது. என் வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்க அலைந்தார். மாமா வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அவர் மனசு கொஞ்சம் மாறட்டும் என்று பரமபத அட்டையை எடுத்து வைத்தேன். கால் மணி நேரத்தில் ஏணியேறி ஜெயித்துவிட்டார். அட்டையைத் தள்ளினார்.

"இதுல என்னம்மா இருக்கு? கட்டை விழுந்துச்சு, ஏறுனேன். இது ஒரு ஜெயமா?"

தோற்ற எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே உலை வைக்கப் போனேன்.

மறுநாள் தாயம். காலைக் கஞ்சிக்குப் பிறகு உட்கார்ந்தோம். விளக்கு வைக்கும் நேரமாகியும் முடியவில்லை. என் காய்களில் ஐந்து வீடு சேர்ந்து பழுத்துவிட்டன. ஆறாவது வாசலில் நிற்கிறது. ஒரே ஒரு தாயம் விழுந்தால் ஆட்டம் என்னுடையது. விழவில்லை. நான் உருட்ட உருட்ட இரண்டும் நாலுமாக விழுந்தது. பின்னால் கிடந்த மாமாவுக்கோ ஐந்தும் ஆறும் பன்னிரண்டுமாகக் கொட்டின. மிச்சமிருந்த மூன்று காயையும் பழுக்க வைத்துவிட்டார்.

வாரக்கணக்கில் நாங்கள் பார்க்காத சிரிப்பு. "ஆடத் தெரியணும்மா. பொறுமை வேணும்" என்றார்.

அதே கட்டைதான். ஆனால் பகல் முழுக்க உட்கார்ந்து ஆடியதில், ஜெயம் தன் சாமர்த்தியம் என்று அவருக்கு நிஜமாகவே தோன்றிவிட்டது. எனக்கோ என் கைப்பொருளைப் பிடுங்கிக்கொண்டதுபோல எரிந்தது.

"கட்டை விழுந்துச்சு மாமா, அவ்வளவுதான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. "அதுவும் சரிதான்" என்றபடி காய்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அப்புறம் அவர் ஆட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் அந்த மனுஷர் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. தீர்ப்பு அதற்கப்புறம் வந்தது: குத்தகை அவருக்கே, அறுத்துக்கொள்ளலாம். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "ஜெயிச்சுட்டீங்க" என்றார்கள். மாமா நிற்காமல் அரிவாளோடு நடந்தார்.

வயலுக்கு நானும் கூடப் போனேன். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் நெல்லுக்கு நெல் பச்சையாக முளை விட்டிருந்தது. மாமா ஒரு பிடி அறுத்து என்னிடம் நீட்டினார்.

"மாட்டுக்குப் போடும்மா. அதுங்களாவது திங்கட்டும்."