நான் போகாத தெளிவெடுப்பு

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் டைப் அடிப்பேன். மனுவோ பத்திரமோ எது வந்தாலும் கை தன் பாட்டுக்கு ஓடும். ஜெராக்ஸ் எடுக்கும்போதும் அப்படித்தான். தாள் கோணாமல் இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன்.

அன்றைக்குப் பாலக்காட்டிலிருந்து வக்கீலம்மா ஒருவர் வந்தார். கோர்ட்டுக்கு வரும் நாட்களில் எங்கள் கடைக்கு வருவார். தடிமனான ஓர் அறிக்கையைக் கொடுத்து மூன்று காப்பி கேட்டார். முதலமடைப் பக்கம், எங்கள் ஊரை ஒட்டி நிற்கும் பாறைக் குன்றில் குவாரி போட ஒரு கம்பெனி கொடுத்திருந்த சுற்றுச்சூழல் அறிக்கை அது. பக்கத்து வார்டுக்காரர்கள் சிலர் வழக்குப் போட அவரிடம் போயிருந்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு அவர் அதை வாங்கியிருந்தார். குவாரி வருகிறது என்ற பேச்சு எங்கள் தெருவிலும் இருந்தது. அது வெறும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தோம்.

கடைசிப் பக்கங்களில் ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. மேலே மலையாளத்தில், பொதுத் தெளிவெடுப்பில் பங்கெடுத்தவர்கள் என்று தலைப்பு. தெளிவெடுப்பு என்பது ஆபீஸ் மலையாளம். குவாரி மாதிரி ஒன்று வருவதற்கு முன் ஊர்க்காரர்களைக் கூட்டி, கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ உட்கார்ந்து, உங்களுக்கு இது சம்மதமா, என்ன குறை என்று கேட்டு எழுத வேண்டும். முப்பது நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்புகளை நானே டைப் அடித்திருக்கிறேன்.

பட்டியலின் நடுவில் என் பெயர் இருந்தது.

பக்கத்தில் கையெழுத்து. யாரோ என் கையெழுத்தைப் பார்த்துப் போட்டதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கடைசி எழுத்தின் வாலை நான் ஒரு பக்கமாக இழுத்துவிட்டு மேலே ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளியும் இருந்தது. மெஷினின் வெளிச்சம் ஓடி முடிந்த பிறகும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தாள் சிக்கிக்கொண்டதா என்று வக்கீலம்மா கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு காப்பி கூடுதலாக எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் கணவரிடம் காட்டினேன். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். நிதானமாகப் பேசுவார். தாளை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உன்ற கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அப்பப் போயிருப்பே."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. நான் போகவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. கையெழுத்து என்னுடையதுதானே.

எதிர்வீட்டு அக்காவின் பெயரும் பட்டியலில் இருந்தது. மறுநாள் காலையில் அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அதா, பஞ்சாயத்து ஹால்ல வெச்சாங்கல்ல கண்ணு. டீயும் பன்னும் குடுத்தாங்க. ஆரோ மைக்குல பேசுனாங்க."

"ஆரு பேசுனாங்கக்கா?"

"மூஞ்சி நெனப்பில்ல."

பட்டியலில் இருந்த மற்ற சிலரையும் கேட்டேன். போகவே இல்லை என்று அடித்துச் சொன்னவர்கள் கூட, தாளைக் காட்டியதும் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவருக்குச் சிவப்பு நாற்காலி ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு மேடையில் கட்டியிருந்த துணி. ஒரு பெண், நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததாகவும் பச்சைச் சேலை கட்டியிருந்ததாகவும் சொன்னாள். என்னிடம் பச்சைச் சேலை இருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் கடையில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஹால் கண் முன்னால் வந்து நிற்கும். வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள், முன்னால் ஒரு மேஜை, மைக். முன்வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். எனக்குத் தெரிவது அவள் முதுகு மட்டும்தான். அது நான்தான் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

தாங்க முடியாமல் வக்கீலம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அறிக்கையை முதலிலிருந்து காட்டினார். குன்றைச் சுற்றி அரை கிலோமீட்டர் வரை வீடு இல்லை, கிணறு இல்லை, ஆள் புழக்கம் இல்லை என்று எழுதியிருந்தது. வரைபடத்தில் எங்கள் தெரு இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. தரிசு நிலம் என்று ஒரு போட்டோ. எங்கள் தெருமுனையில், வீடுகளுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்திருக்கிறார்கள். அதில் குன்றும் கருவேலமும் வெயிலும்தான் இருந்தன. படத்தின் அடிப்பக்கத்தில், கயிற்றில் காயும் ஒரு சேலையின் நிழல் மண்ணில் விழுந்திருந்தது. சேலை படத்தில் இல்லை.

"ஒரு பக்கத்துல இங்க மனுஷங்களே இல்லைங்கறாங்க. இன்னொரு பக்கத்துல அதே மனுஷங்க வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றார் வக்கீலம்மா. "நீங்க அங்க இருந்தீங்களா, இல்லையா? எனக்கு அது தெரியணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

விஷயம் பிடிபட்டது இரண்டு நாள் கழித்து. ஒருவர் கண்ணாடி வாங்கிய செலவைத் திரும்பப் பெறுவதற்காக டாக்டர் சீட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். அதில் 6/12 என்று எழுதியிருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பட்டியலில் கையெழுத்துக்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 6/9, 6/12, 6/18 என்று சின்னதாக எழுதியிருந்தது. வீட்டு நம்பர் என்று நினைத்திருந்தேன். அவை எல்லாம் கண் பார்வையின் அளவு.

போன கோடையில் பஞ்சாயத்து ஹாலில் இலவசக் கண் முகாம் நடந்தது. வெளியூரிலிருந்து யாரோ வந்து நடத்தினார்கள். வாசலில் ஒரு நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனோம். பையில் இருந்த தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே மயிரிழை போல ஒரு சாம்பல் கோடு ஓடியது. பழைய தலைப்பின் மேல் வேறு தாளை வெட்டி ஒட்டி ஜெராக்ஸ் எடுத்தால் அந்த விளிம்பு இப்படி விழும். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும்.

பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "கண்ணுக்கு மருந்து உட்டாங்கல்ல, அன்னிக்கா?" என்றார்.



அன்று எல்லோருக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். திறந்த பிறகும் எல்லாம் மங்கலாகத்தான் இருந்தது. வெளிச்சம் கூசியது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது யாரோ மைக்கில் மலையாளத்தில் பேசினார்கள். முகாம் நடத்துகிறவர்கள் நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் ஒரே ஒரு சொல்தான் காதில் நிற்கிறது. சம்மதம்.

"நாம கையத் தட்டுனமே," என்றார் அக்கா.

தட்டியிருக்கலாம். எல்லோரும் தட்டினால் நாமும் தட்டுவோம். ஒரு அதிகாரி மேஜையில் உட்கார்ந்திருந்தாரா, யாராவது எழுதிக்கொண்டிருந்தார்களா, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் முன்னாலேயே நடந்திருக்கலாம்.

மறுபடி வக்கீலம்மா அதே கேள்வியைக் கேட்டபோது, "இருந்தோமுங்க. ஆனாப் பாக்கலீங்க," என்றேன். அவர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிரமாணப் பத்திரத்தை நானே டைப் அடித்தேன். கண் பரிசோதனைக்கு என்று வந்தேன், கண்ணில் மருந்து விடப்பட்டிருந்தது, குவாரி பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடிக்கும்போது கை தானாக ஓடவில்லை. ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போனது. அக்காவும் இன்னும் ஏழு பேரும் அவரவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

பசுமைத் தீர்ப்பாயத்தில் எங்கள் பக்கம் எடுபட்டது. அந்த அறிக்கையைக் காட்டிக் கம்பெனி வாங்கியிருந்த அனுமதியை ரத்து செய்து, தெளிவெடுப்பை முறைப்படி மறுபடி நடத்தச் சொன்னார்கள். மனிதர்களே இல்லை என்ற பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டியதும் வழக்கு எங்கள் பக்கம் திரும்பியது என்று வக்கீலம்மா சொன்னார். எங்கள் தெருவில் பாயசம் வைத்தோம். கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன்.

அந்தக் கூட்டம் நடக்கவில்லை. கம்பெனி தன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கொஞ்ச நாளில் அதே குன்று காகிதத்தில் பல துண்டாகி, வேறு வேறு ஆட்களின் பெயரில் வந்தது. சின்ன அளவு குவாரிக்குத் தெளிவெடுப்புத் தேவையில்லை என்று விதியில் தளர்வு இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் அந்த அளவுக்குள் அடங்கியது. அதே சமயம் டெல்லியிலிருந்து புது விதிகளின் வரைவு ஒன்று வந்திருந்தது. வேலையை முதலில் தொடங்கிவிட்டு அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்ள அதில் வழி வைத்திருந்தார்கள். மறுப்பு இருந்தால் அறுபது நாளுக்குள் எழுத வேண்டும். எங்கள் கைக்கு வந்தது ஆங்கிலத்தில் இருந்தது.

வக்கீலம்மா எளிமையாகச் சொல்லச் சொல்ல, தமிழில் அடித்து நாலு பக்கமாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பால் சொசைட்டி வாசலில் எல்லோரையும் கூட்டி, ஆளுக்கொரு காப்பி கொடுத்துப் படித்தேன். முடித்ததும் அக்கா கேட்டார்.

"அப்ப இனி எதுலயும் நாம ஒப்புப் போட வேண்டியதில்லையா?"

"இல்லைக்கா."

"பொய்யாக்கூட வேண்டாமா?"

"வேண்டாம்."

அவர் மடியில் இருந்த தாளை மடித்தார். பிறகு எழுந்து, தன் பெயரில் ஒரு மறுப்பு எழுதித் தரச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். இந்தக் குன்றின் அடியில் எனக்கு வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, எட்டு மாடு இருக்கிறது, என்னைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். இருட்டும்வரை எழுதினேன். மறுநாள் எல்லாவற்றையும் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை.

குன்றில் ஆள் நடமாட்டம் தெரிகிறது என்று மாடு மேய்ப்பவர்கள் சொன்னதால், ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் நானும் அக்காவும் ஏறிப் போனோம். காற்றே இல்லை. பாதி ஏறியதும் பாறைகளில் வெள்ளைப் பெயின்டில் எண்கள் இருப்பதைப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், ஓர் இடத்தில் நின்று, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. துண்டுக்கு ஒரு வரிசை. ஒரு பாறையில் கை வைத்துப் பார்த்தேன். விரலில் பெயின்ட் ஒட்டியது. இன்னும் காயவில்லை. குன்றில் மரம் கிடையாது. நாலு பக்கமும் வெட்டவெளி. அப்படியும் ஆளைக் காணோம். அக்கா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கையை விடாமலே மேலே நடந்தார்.

எல்லா எண்களையும் போட்டோ எடுத்தேன். அக்கா பார்த்துச் சொல்ல, எந்தப் பாறை எந்தத் துண்டில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போனேன். துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே குவாரிதான் என்று வக்கீலம்மா போட்டிருக்கும் புது வழக்கில் அந்தப் பட்டியல் இருக்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது.

இறங்கி வரும்போது அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், நிலத்தோடு படிந்து கிடக்கும் ஒரு பாறையிலும் எண் இருந்தது. குன்று முடிந்து வீடுகள் தொடங்கிவிட்ட இடம் அது. காலையில் அங்கே சாணி அள்ளியபோது அது இல்லை என்றார் அக்கா. எந்தத் துண்டின் வரிசையிலும் அந்த எண் சேரவில்லை. அதைத் தனியாக ஒரு வரியில் எழுதிக்கொண்டேன்.