கொடியேறி மூன்றாம் நாள்

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து காலை 6.10க்குத் தூத்துக்குடி பேருந்து புறப்பட்டது. கட்டணம் நூற்று முப்பத்தைந்து ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்க மனமில்லை. மடியில் இருந்த பையில் மூன்று பக்க வாக்குமூலம் ஒன்றும், அதைத் திருத்தக் கேட்கும் ஒரு பக்கப் படிவமும் இருந்தன. வாக்குமூலம் இன்னொருவருடையது. அதில் இருந்த பிழை என்னுடையது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பாளர். இலங்கையில் நடந்தவற்றைப் பற்றி வெளிநாட்டு அமைப்புகள் எழுதும் அறிக்கைகளைத் தமிழாக்குவதும், இங்குள்ள முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதும் பல வருடங்களாக என் பிழைப்பு. ஒவ்வொரு தீர்மானத்திலும் ஏதாவது ஒரு நாடு ‘ஆழ்ந்த கவலை’ கொள்ளும். அந்தச் சொல்லை என்னளவுக்குத் தட்டச்சு செய்தவர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இருக்க மாட்டார்கள். இப்போதெல்லாம் ‘ஆ’ என்று தொடங்கினாலே என் கணினி மீதியைத் தானே முடித்துவிடுகிறது.

எட்டு வருடங்களுக்கு முன் இதே தூத்துக்குடிக்கு ஒரு நாள் வந்து ஐந்து பேரிடம் வாக்குமூலம் வாங்கினேன். ஐந்தாவது ஆள் சகாயமேரி. பெயரை மாற்றியிருக்கிறேன், முகாமின் பெயரையும் சொல்லப்போவதில்லை. மன்னார்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சண்டைக் காலத்தில் அவருடைய தம்பி யூட்டைக் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சீருடைக்காரர்கள் வேறு நான்கு பேரோடு சேர்த்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ‘என்றைக்கு?’ என்று கேட்டேன். ‘கொடியேறி மூண்டாம் நாள்’ என்றார். நாங்கள் பேசிய கோயில் பின்னறைச் சுவரில் பங்கு நாட்காட்டி தொங்கியது. எழுந்து போய்ப் பார்த்தேன். மாதா கோயில் கொடியேற்றம் ஜூலை 26 என்றிருந்தது. விரல் விட்டு எண்ணி ஜூலை 28 என்று எழுதிவிட்டேன்.

அது தூத்துக்குடி மாதாவின் கொடி. அவர் சொன்னது அக்கரையில் மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கு ஏறும் கொடி. அங்கே ஆகஸ்ட் ஆறாம் தேதி. நான் முருகன் கோயில் தெருவில் வளர்ந்தவள். பங்குனி உத்திரம் எந்த ஊரிலும் ஒரே நாள்தானே, மாதாவுக்கு மட்டும் ஊருக்கொரு நாள் இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? தெரியாததைக்கூட மன்னிக்கலாம். கேட்காமல் விட்டேன், அதுதான் ஆறவில்லை.

போன மாதம், அந்த வாக்குமூலங்களைக் கேட்டிருந்த வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கோப்புகளை மூடப் போகிறார்களாம். அதே கரையில் பறிகொடுத்த மற்ற நான்கு குடும்பங்களும் இலங்கையிலேயே வேறு ஆட்களிடம் ஆகஸ்ட் எட்டு என்று சொல்லியிருக்க, உங்கள் சாட்சி மட்டும் ஜூலை 28 என்கிறார். ஆகவே அவர் வாக்குமூலம் நம்பகம் குறைந்தது என்று ஒதுக்கப்பட்டது. காணாமல்போனவர்கள் பட்டியலில் நான்கு பெயர்களே சேர்ந்தன. பிழை இருந்தால் சாட்சியின் கையெழுத்தோடு அடுத்த மாத இறுதிக்குள் அனுப்பவும் என்று இருந்தது. கத்தோலிக்கத் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். ஒரே நிமிடத்தில் எங்கே தவறினேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்துக்காக ஒரு பெண்ணின் தம்பி எட்டு வருடம் பட்டியலுக்கு வெளியே நின்றிருக்கிறான்.

9.25. எட்டயபுரம் தாண்டியதும் காற்று மாறியது. கருவேலங்காடு, பிறகு காற்றாலைகள், ஊர் நெருங்கும்போது உப்புப் படிந்த புழுதி. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி இரண்டு இட்லியும் வடையும் சாப்பிட்டேன், முப்பத்தைந்து ரூபாய். சகாயமேரிக்கு என்ன வாங்கிப் போவதென்று தெரியாமல் பேக்கரியில் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்யும் இந்த ஊர்ப் பண்டம், வாயில் போட்டால் நிற்காது. குற்றவுணர்ச்சிக்குத் தோதான பலகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். முகாம் பக்கத்துக் கோயில் என்றதும் திரும்பிப் பார்த்தார். ஏழு கிலோமீட்டர்; இருநூறு கேட்டார், நூற்றெண்பதுக்கு ஒப்புக்கொண்டார்.

“நாளக் கழிச்சு வந்திருந்தியன்னா ஐந்நூறு குடுத்தாலும் வண்டி கெடச்சிருக்காதுக்கா. கொடியேத்தம்லா. ஊரே மாதா கோயில்லதான் கெடக்கும்.”

“தெரியும்,” என்றேன். இப்போது தெரியும்.

துறைமுகச் சாலையில் சரக்குப் பெட்டி லாரிகள் வரிசையாக நின்றன. ஓர் இடுக்கில் கடல் தெரிந்தது. இந்த வளைகுடாவில் முத்து விளையும் கடலடிப் பார்களில் இரண்டு கரைக்காரர்களும் ஒரு காலத்தில் மூழ்கியிருக்கிறார்கள். இன்று முத்தும் இல்லை, மூழ்குபவர்களும் இல்லை. ஆட்டோக்காரர் தன் கதைக்குப் போனார். அவருடைய சின்ன வயதில் கொழும்பில் கலவரம் நடந்தபோது இந்த ஊரில் கடையடைப்பு, ஊர்வலம் எல்லாம் நடந்ததாம். அவருடைய அப்பா அரிசி மூட்டை சுமந்துபோய்க் கொடுத்தாராம்.

“அப்பவே உலகம் பூரா கண்டிச்சாவன்னு பேப்பர்ல போட்டிருந்தான்க்கா. பொறவு பெரிய சண்ட முடிஞ்சப்பவும் கண்டிச்சாவ. இப்பவும் ஜெனீவாவுல வருசா வருசம் ஏதோ தீர்மானம் போடுதாவள்லா. கண்டிச்சுக் கண்டிச்சு என்ன ஆச்சு?”

அந்தக் கண்டனங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்து மாதச் சம்பளம் வாங்கியவள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முகாம் முகப்பில் ‘அகதிகள் முகாம்’ என்றிருந்த பலகை போய் ‘மறுவாழ்வு முகாம்’ என்று புதிய பலகை வந்திருந்தது. பின்னால் தெரிந்த வீடுகளில் பாதிக்கு மேல் அதே பழைய வீடுகள்தான்.

“உள்ள வண்டி விடமாட்டாவக்கா. இங்கன நிக்கேன், முடிச்சிட்டு வாங்க,” என்றார். காத்திருக்க எவ்வளவு என்றதற்குக் கையை ஆட்டிவிட்டார்.

10.50. வெளியாட்கள் முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். எனவே போன முறை போலவே கோயிலின் பின்னறையில் சந்திப்பதாக ஏற்பாடு. அதே மேசை, அதே ஆணி, அதில் இந்த வருட நாட்காட்டி. சகாயமேரி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கியிருப்பார். கருவாடு காயப்போடும் களத்தில் வேலை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். எட்டு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது.

“மெலிஞ்சு போனீங்கள், பிள்ளை,” என்றார். நானும் ஐம்பதைத் தாண்டியவள்தான். அந்தப் ‘பிள்ளை’யைக் கேட்டதும் மக்ரூன் பொட்டலத்தை எடுத்து மேசையில் அவர் பக்கம் வைத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று பேருந்திலேயே முடிவு செய்திருந்தேன். சொன்னேன். நாட்காட்டியைப் பார்த்தது, கொடியை மாற்றி எண்ணியது, நான்கு பெயர் சேர்ந்து ஐந்தாவது பெயர் விடுபட்டது, எல்லாவற்றையும். சொல்லி முடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பால் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மற்ற நாலு பேற்ற பேரும் இருக்குதோ?”

“இருக்கு, அக்கா.”

“எங்கட யூட்டின்ர மட்டும் இல்லை.”

“இல்லை.”

வெளியே கொடிமரத்தில் யாரோ கயிறு கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்கள் அண்டைக்கு வாசிச்சுக் காட்டேக்கையே எனக்குத் தெரியும், பிள்ளை,” என்றார் சகாயமேரி. “ஜூலை எண்டு சொன்னனீங்கள். மடுவில கொடி ஆகஸ்டிலதானே ஏறுறது. சண்டையில திருநாள் நடக்காத வருசங்கூட நாங்கள் அந்தக் கொடியை வச்சுத்தான் நாள் எண்ணுறது.”

“அப்ப ஏன் சொல்லவில்லை?”

“நீங்கள் மணியைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்.”

குற்றம் சாட்டும் குரலே இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். “ரெயிலுக்கு நேரமாகுது எண்டு உங்களோட வந்த ஐயாவிட்டச் சொன்னனீங்கள். ஐஞ்சு பேரைக் கேட்டுக் களைச்சுப் போயிருந்தீங்கள். படிச்ச பிள்ளை, இங்கிலீசுக் கணக்கு வேற மாதிரி வருமாக்கும் எண்டு நானும் விட்டுட்டன். எனக்கு முன்னமும் கனபேர் வந்து கேட்டவை. ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தவ, அழுதுபோட்டுப் போனவ. ஒருத்தரும் திரும்பி வரேல்ல. நீங்கள் வருவீங்கள் எண்டு நினைச்சிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்.”

அன்றைய நாள் ஞாபகம் வந்தது. இரவு சென்னைக்கு ரயில். இவரிடம் பேசும்போது மணி ஆறரை. கேள்வியை முடிப்பதற்குள் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வீட்டில் அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். உலகம் இந்த மக்களைக் கைவிட்டது என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நான் என்னை அந்த உலகத்தில் சேர்த்ததே இல்லை.

திருத்தப் படிவத்தை எடுத்து வைத்தேன். இதையும் மறைக்கவில்லை. விசாரணை மறுபடி திறக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் சேரும், அதற்கு மேல் வாக்குறுதி இல்லை என்றேன். போன முறை ‘இது ஜெனீவா வரைக்கும் போகும், அக்கா’ என்று சொல்லிவிட்டுப் போனவள் நான். போனது. போய் ஓர் அலமாரியில் இருந்தது.

“பேர் சேரட்டும். ஒரேயடியா முழுசா வாசியுங்கோ. தமிழில,” என்றார்.

வாசித்தேன். மூன்று பக்கமும், ஒவ்வொரு வரியாக, ஆங்கிலத்தைத் தமிழாக்கியபடி. ஓரிடத்தில் நிறுத்தித் திருத்தினார். வண்டியின் நிறம் பச்சை என்று எழுதியிருந்தேன். பச்சை இல்லை, மண் படிந்து நிறமே தெரியவில்லை என்றார். யூட்டுக்குப் பத்தொன்பது வயது என்றிருந்தது; சரி என்றார். தேதி வந்ததும் ஆகஸ்ட் எட்டு என்று வாசித்தேன். கண்ணை மூடித் தலையசைத்தார்.

“உங்கட கணக்கில அவன் பதினொரு நாள் முந்திப் போயிட்டான், என்ன?”

நான் அப்படி யோசித்ததே இல்லை. எனக்கு அது முரண்பட்ட ஒரு தேதி, நம்பகம் குறைந்த சாட்சி, விடுபட்ட பெயர். அவருக்கு அது தம்பி தன்னோடு இருந்த பதினொரு நாள். நான் பேனாவால் அடித்த பதினொரு நாள்.

“அந்த நாட்களில் என்ன நடந்தது, அக்கா?” என்று கேட்டேன். எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. பெரிசாய் ஒன்றும் நடக்கவில்லை என்று தொடங்கினார். பிறகு பேசிக்கொண்டே போனார். ஒரு நாள் நண்டு நிறையக் கிடைத்தது. ஒரு நாள் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி அக்காவிடம் சண்டை. பக்கத்து வீட்டு வானொலியைப் பழுது பார்க்கிறேன் என்று கழற்றி, மறுபடி பூட்டத் தெரியாமல் ஒளிந்துகொண்டான். சொல்லும்போது சிரித்தார். மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து எனக்கே இரண்டு கொடுத்தார். ஒவ்வொரு சம்பவத்தையும் கொடிக்கு இத்தனை நாள் முன், கொடியன்று, மறுநாள் என்றே சொன்னார். நாட்காட்டிப் பக்கம் திரும்பாமல் ஒவ்வொரு நாளையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

பிற்பகல் 2.15க்குத் திருத்தப் படிவத்தில் கையெழுத்திட்டார். நிதானமாக, எழுத்தெழுத்தாக. திருத்திய வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை என் கையால் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் என் கையைப் பிடித்து, “கவனமாப் போங்கோ,” என்றார். ‘மறுபடி வாருங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. அவர் அதை எதிர்பார்த்துப் பழகவில்லை.

ஆட்டோக்காரர் வேப்பமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர் அதே நூற்றெண்பதையே திரும்பும் வாடகையாகவும் கேட்டார். “வேல முடிஞ்சுதாக்கா?” என்றதற்கு ஆம் என்றேன். பேருந்து நிலையத்து நகலகத்தில் ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். பக்கத்துக்குப் பத்து ரூபாய். ஒரு நிமிடத்தில் தானியங்கிப் பதில் வந்தது. பெற்றுக்கொண்டோம், நன்றி, கோப்பு எண் இது. எட்டு வருடங்களுக்கு முன் வந்த பதிலின் அதே வாசகங்கள்.

4.05க்கு மதுரைப் பேருந்து. உப்பளங்களில் மாலை வெயில் கூசியது. யூட்டின் பெயர் பட்டியலில் ஐந்தாவதாகச் சேரக்கூடும். சேர்ந்தால் அவருக்குச் சொல்ல இந்த முறை நானே வருவேன், தொலைபேசியில் இல்லை. அவர் சொன்ன மற்றதை அனுப்ப எந்த நாட்டிலும் ஓர் இடம் இல்லை. அது என் குறிப்பேட்டில் இருக்கிறது. கொடிக்கு மூன்று நாள் முன், அதாவது ஆகஸ்ட் மூன்றாம் தேதி, யூட் அக்காவின் புதுக் குடையைத் தொலைத்துவிட்டு வந்து நன்றாகத் திட்டு வாங்கினான். நான் எழுதி, நான் கையொப்பமிட்டு, உலகத்துக்கு அனுப்பிய காகிதத்தின்படி அவனைக் கொண்டுபோய் அப்போது ஆறு நாள் ஆகியிருந்தது.