நாற்பது படிவங்களும் ஒரு எம்.ஏ.யும்

மனு எழுதுகிறவனுக்கு ஊரின் எல்லாக் குறையும் தெரியும். ஒன்றைக்கூடத் தீர்க்கத் தெரியாது. தாலுகா ஆபீஸ் வாசலில், புங்கமரத்தடியில், நெடுங்காலமாக இதுதான் எனக்குத் தொழில். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். மற்றதெல்லாம் அரசாணைகளைப் படித்துப் படித்துத் தானாக வந்தது. ‘நாளைக்கு வாங்க’ என்பதைக் கேட்டு ஒரு தடவையாவது திரும்பிய உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

உள்ளே காணாத படிப்பு

முட்டத்துக்காரி ஷெல்மா ஒரு நாள் என் மேஜைக்கு வந்தாள். நாற்பது வயது. கட்டின மாப்பிள்ளை குவைத்தில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. தபால் வழியில் பொது நிர்வாகம் எம்.ஏ. படிக்கிறாள். பரீட்சை எல்லாம் முடிந்து கள ஆய்வு மட்டும் பாக்கி. இந்தத் தடவை அதைக் கொடுத்து வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் பதிவு காலாவதியாகி, ஐந்து வருடப் படிப்பும் வீண். அரசு அலுவலகங்களின் சேவை கடற்கரை மக்களுக்குத் திருப்தியா என்பதுதான் ஆய்வு. நாற்பது பேரிடம் கேள்விப் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். “ஆபீசுக்குப் போய் அலுத்தவங்க எல்லாம் ஒங்ககிட்டதான வருவாங்க, அண்ணாச்சி” என்றாள்.

பக்கத்து மேஜையில் மனு எழுதும் தங்கப்பன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நிர்வாகத்துக்குண்ணு ஒரு படிப்பு இருக்கா, வே? இத்தன வருசமா இஞ்ச இருக்கேன், அதப் படிச்ச ஒருத்தனையும் உள்ள பாத்ததில்லியே!”

ஐந்து கட்டம்

படிவத்தை என் லேப்டாப்பில் நானே அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். ‘மிகவும் திருப்தி’யில் தொடங்கி ‘சிறிதும் திருப்தியில்லை’யில் முடியும். ஒன்றில் டிக் போட வேண்டும். வலை பின்னும் சூசை, பட்டா கேட்டு ஏழாவது மனு எழுத வந்தவர், எல்லாக் கேள்விக்கும் ‘மிகவும் திருப்தி’ போட்டார். நிசமாகவா என்று கேட்டேன். விவரம் கெட்டவனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

“இல்லண்ணு போட்டா அவங்களுக்குக் கோவம் வராதா, அண்ணாச்சி? ஆறு மனுவும் அவங்க மேசையிலதான கிடக்கு!”

பழைய தாள்

இரண்டு வாரத்தில் நாற்பதும் வந்துவிட்டன. டிக் குறிகளுக்குக் கீழே பக்கம் பக்கமாக எழுத்து. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. பின்னால் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். சிலர் கோர்ட் ஸ்டாம்பே ஒட்டியிருந்தார்கள். ஏன் இப்படி என்று ஒரு படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே ‘பெறுநர்’, கீழே ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’. ஷெல்மா எழுதித் தந்ததில் அதெல்லாம் இல்லை.

விஷயம் இதுதான். புதுத் தாள் திறக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. பழைய மனு ஒன்றைத் திறந்து, நடுவில் இருப்பதை அழித்துவிட்டு அடிப்பேன். இதிலும் தலையும் காலும் அப்படியே நின்றுவிட்டன. மனைவி இருந்தவரை நான் எழுதிய எதையும் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். இப்போது அந்த மேற்பார்வை இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, மீன் விற்கும் மரியசெல்வி கூடையோடு வந்து, பக்கத்தில் நின்ற ஷெல்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி எம்.ஏ.க்காரி, மனு வாங்குனா ரசீது தரணும்லா? எனக்க ரசீது எங்க?”

ஒன்பது நாள்

வழிகாட்டிப் பேராசிரியர் கட்டைப் புரட்டிப் பார்த்து, இது ஆய்வே இல்லை, மனுக்கட்டு, புதிதாக வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். வைவாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தப்பு என்னுடையது என்று வந்து சொல்கிறேன் என்றேன், ஷெல்மா விடவில்லை. என் பெஞ்சிலேயே உட்கார்ந்து நாற்பதையும் திரும்ப வாசித்தாள். ‘மிகவும் திருப்தி’ போட்டவர்கள் அதே தாளின் கீழே என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பிரித்து, புதிதாக ஓர் அத்தியாயமே எழுதினாள். நான் அடிக்க அடிக்க, பின்னால் நின்று வரிவரியாகச் சரிபார்த்தாள்.

“பாதிப் பேரு கடலுக்குப் போயாச்சு, அண்ணாச்சி. வலையில கெடச்ச மீனுதான் இண்ணைக்குக் கறி.”

சாத்தாத கதவு

வைவா அன்று, பேராசிரியர் அரைமனதாகக் கையெழுத்துப் போட்ட கட்டைச் சுமந்துகொண்டு நானும் போனேன். வெளியே பெஞ்சு, கதவு சாத்தவில்லை. தேர்வாளர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. இந்தப் புலம்பலையெல்லாம் ஏன் நீக்கவில்லை என்று கேட்டார். நான் கதவுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். பிறகு ஷெல்மாவின் குரல் கேட்டது.

“அத நீக்குனா எல்லாரும் மிகவும் திருப்திண்ணு ஆயிருமே, சார்.”

வாங்கிப் பழகியவர்

அதற்கு உள்ளே எழுந்த சிரிப்பிலேயே முடிவு தெரிந்துவிட்டது. தேறிவிட்டாள். அன்று சாயங்காலம் மரத்தடியில் எல்லோருக்கும் ஷெல்மா செலவில் பழம்பொரி. தங்கப்பன் நாலு தின்றான்.

மறுவாரம் அந்தத் தேர்வாளரே ஷெல்மாவிடம் வழி கேட்டு என் மேஜைக்கு வந்தார். அவர் வீட்டு முன்னால் சாக்கடை ஓடைக்கு மூடியில்லை. நாலு தடவை நேரில் போய்ச் சொல்லியும் நடக்கவில்லையாம். குறையை நீங்களே எழுதுங்கள், நான் அடித்துத் தருகிறேன் என்று தாளை நீட்டினேன். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்களே எழுதிடுங்க, ஐயா. வேலை பார்த்த காலம் முழுக்க மனு வாங்கித்தான் பழக்கம், எழுதத் தெரியாது.”

பொது நிர்வாகத்தில் பட்டம் வாங்க ஐந்து வருடம் போதும் என்று தெரிந்துகொண்டோம். ஓர் ஓடைக்கு மூடி வாங்க எத்தனை வருடம் என்பதை இனிமேல்தான் அவரும் ஷெல்மாவும் நானும் படிக்க வேண்டும்.