சீவலப்பேரிக்குப் போன பிடியரிசி

ஆண்டவருக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே, கலெக்டர் கச்சேரியில் நகல் எழுதிப் பிழைக்கிற குமாஸ்தா நான். பிறர் எழுதியதையே எழுதிப் பழகிய இந்தக் கை, இன்றைக்கு முதல்முறையாகத் தன் கதையை எழுதுகிறது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1910ஆம் வருஷம் மாசி மாதம் என் மனைவி ஞானப்பூ காலராவில் இறந்தாள். காலையில் ஜெபம் பண்ணி உலை வைத்தவள், சாயங்காலம் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அதற்குப்பின் கச்சேரியில் உட்கார்ந்திருப்பேன், பாளையங்கோட்டைக்கு வந்து வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அக்காள் வீட்டுச் சோற்றை மட்டும் குறைவில்லாமல் தின்றேன். ஆடி மாதம் வருவதற்குள் கால் வீங்கிப்போயிற்று. கோயில் படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

ஞானப்பூவின் ஊர் சீவலப்பேரி. எட்டு ஒன்பது மைல்தான். தாய் தகப்பன் இல்லாதவள், நான் கூட்டிப்போனால்தான் உண்டு. "ஒருக்கா ஊருக்குக் கூட்டிட்டுப் போங்களேன். ரெண்டு ஆறும் சேருத எடத்துல காலை நனைச்சாப் போதும் எனக்கு" என்பாள். "அடுத்த சனிக்கிழமை" என்பேன். கலியாணமான ஒன்பது வருஷமும் அதையேதான் சொன்னேன். அவளும் ஒன்பது வருஷமும் நம்பினாள்.

டாக்டர் என் காலை அமுக்கிப் பார்த்தார். "ஓய் மாசிலாமணி, உமக்கு மருந்து வேண்டாம். சைக்கிள் மிதியும். இல்லாட்டா இருந்த எடத்துலயே போய்ச் சேர்ந்திருவீரு" என்றார். துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய சைக்கிள் எங்கள் குருவானவரிடம் இருந்தது. அதை எனக்குத் தந்து, கூடவே ஒரு வேலையும் தந்தார்.

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். காலராவில் புருஷனைப் பறிகொடுத்த நாலு பெண்கள் பிள்ளைகளோடு சீவலப்பேரியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்தப் பிடியரிசியைச் சனிக்கிழமைதோறும் நான் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "சும்மா மிதிச்சா நாலு நாள்ல விட்டுருவீரு வே. பசிச்ச வயிறு ஒண்ணு காத்திருந்தாத்தான் உம்ம காலு ஓடும்" என்றார் குருவானவர்.

வண்ணார்பேட்டை ரஸ்தாவில் பழகினேன். இரண்டு முறை ஓடையில் விழுந்தேன். "ஏலே, அங்கன பாரு, பீப்பாய்க்குச் சக்கரம் முளைச்சிருக்கு!" என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் தவறாமல் போனேன். அரிசியை இறக்கிவைத்த கையோடு திரும்பிவிடுவேன். ஆற்றுப் பக்கம் மட்டும் போகமாட்டேன். அவள் இல்லாமல் அந்தத் தண்ணீரைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஐப்பசி மழை வந்ததும் ஊக்கமெல்லாம் கரைந்துபோயிற்று. ஆட மாட்டாதவனுக்குக் கூடம் கோணல் அல்லவா? ஒரு வாரம் சேறு என்றேன். மறுவாரம் பல்வலி என்றேன். மூன்றாம் வாரம் சாக்குத் தேடக்கூட அலுப்பாயிருந்தது. அரிசிச் சாக்கு என் வீட்டு மூலையிலேயே கிடந்தது. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எனக்கு மனசே வரவில்லை. நீரே என்னை எழுப்பிவிடும்" என்று மட்டும் ஜெபித்தேன். அழுகைதான் வந்தது. எழும்பவில்லை.

நாலாவது சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு நெல்வண்டி நின்றது. அந்த நாலு பெண்களில் மூத்தவளான பாக்கியம் இறங்கி வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தலை குனிந்தேன்.

அவள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லா இருக்கீகளா அண்ணாச்சி? ஒங்களுக்கு மேலுக்கு முடியலையோன்னு மூணு வாரமா நாங்க நாலு பேரும் முழங்கால்ல நிக்கோம். கண்ணால பாத்துட்டு வந்துருதேன்னு சொல்லிட்டு வந்தேன்."

சகோதரரே, நான் எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன். பட்டினி கிடந்தவர்களும் எனக்காகவே ஜெபித்திருக்கிறார்கள்! எழுப்பிவிடும் என்று கேட்டேனே, ஆண்டவர் ஆளையே அனுப்பிவிட்டார்.

ஓடிப்போய்ச் சாக்கை அவிழ்த்தேன். கூரை ஒழுகி அரிசி முழுக்கப் பூஞ்சை பிடித்து நாறியது. சபை முழுவதும் பிடி பிடியாகச் சேர்த்ததை நான் உட்கார்ந்தே கெடுத்திருக்கிறேன். வெட்கத்தில் சாக மாட்டோமா என்றிருந்தது.

வீட்டில் வேறு அரிசி இருந்தது. ஞானப்பூவின் பிடியரிசிப் பானை. அவள் துணியால் வாய்கட்டி வைத்தபடியே எட்டு மாதமாக அடுப்பங்கரையில் இருந்தது. காணிக்கைதான், கொடுத்திருக்க வேண்டியதுதான். அவள் கை அளந்தது அது ஒன்றுதான் மிச்சம் என்று யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். தினமும் அந்தப் பானையைத் தொட்டுவிட்டுத்தான் படுப்பேன். ஆண்டவருக்குரியதை ஒளித்துவைத்தேன் என்பதை உங்கள்முன் அறிக்கையிடுகிறேன்.

துணியை அவிழ்த்தேன். மேலே வேப்பிலை காய்ந்து கிடந்தது. அவள் போட்டது. ஒரு வண்டு விழவில்லை.

வண்டியிலேயே அரிசியை அனுப்பியிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. இந்தச் சனிக்கிழமையாவது ஞானப்பூவை நானே ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது. சைக்கிளில் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே மிதித்தேன். சேற்றில் இறங்கித் தள்ளினேன், ஏறி மிதித்தேன். வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே போனேன்.

அங்கே அடுப்பு மூட்டினார்கள். உலையில் போடுமுன் பாக்கியம் ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையிலிருந்த சிறு கலயத்தில் போட்டாள். எனக்கு விளங்கவில்லை.

"இது யாருக்கு?" என்றேன்.

"எங்களைவிட இல்லாதவங்க இருக்காங்கள்லா, அண்ணாச்சி?"

அவர்களோடு கஞ்சி குடித்தேன். பிறகு ஆற்றுக்குப் போனேன். சிற்றாறு கலங்கலாக வந்து தாமிரபரணியில் சேர்ந்துகொண்டிருந்தது. காலை நனைத்தேன். எனக்காக ஒரு முறை, அவளுக்காக ஒரு முறை. சத்தம்போட்டு அழுதேன்.

இப்போது ஐந்து வருஷமாகிறது. கால் வீக்கம் இல்லை. கோயில் படியை ஒரே மூச்சில் ஏறுகிறேன். அவள்மேலுள்ள ஏக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அது போகவேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. முன்பு அது என்னை உட்கார வைத்தது, இப்போது மிதிக்க வைக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, எழும்ப மனசில்லையென்றால் அதையே அவரிடம் சொல்லுங்கள், கேட்பார். உங்களுக்காக முழங்காலில் நிற்கிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் ஒன்றைக் கேட்டுக் காத்திருந்தால், அடுத்த சனிக்கிழமை என்று மட்டும் சொல்லாதேயுங்கள்.

நாளைக்குச் சனிக்கிழமை. டயருக்குக் காற்றடித்துவிட்டேன்.