நான் பொறுக்கிச் சுத்தம் செய்த கேம்ப்

பெரிய ஆட்கள் சைட்டுக்கு வருவதற்குள் இடத்தைச் சுத்தமாக்கி வைப்பது எனக்குப் பத்து வருடப் பழக்கம். அமீரகத்தில் ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில் பழங்காலக் கல் ஆயுதங்களை ஆராய வந்தவர்களுக்கு உதவியாகக் கம்பெனி என்னை அனுப்பியபோதும் அதையே செய்தேன். தரையில் சிதறிக் கிடந்த கல் சில்லுகளைப் பொறுக்கி, கழுவி, பக்கெட்டில் போட்டு வைத்தேன்.

ஆராய்ச்சி மேடம் கனடாவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர். பக்கெட்டைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"எது எங்க கிடந்ததெண்டு ஞாபகம் இருக்கா அண்ணா?"

"எல்லாம் இங்கதான் மேடம் கிடந்துச்சு. ஒண்ணு விடாம கழுவி வச்சிருக்கேன்."

அவர் திட்டவில்லை. அதுதான் வலித்தது. நான் கை வைக்காத ஓரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே சில்லுகள் அரைவட்டமாகக் கிடந்தன. நடுவில் மட்டும் வெறும் தரை.

"இதில இருங்கோ."

உட்கார்ந்தேன். சில்லுகள் சரியாக என் முழங்கால்களைச் சுற்றிக் கிடந்தன.

"ஆரோ ஒராள் இப்பிடி இருந்துதான் கல்லுச் செதுக்கியிருக்கிறார். வடதுருவப் பக்கம் வேலை செய்யேக்கையும் இப்பிடித்தான் பாத்தனான். மண் மூடாத இடத்தில ஆக்கள் விட்டிட்டுப் போனது அப்பிடியே கிடக்கும். இதுவும் ஒரு கேம்ப்தான் அண்ணா."

எனக்குத் தெரிந்த கேம்ப், கம்பெனி ஆட்கள் தங்கும், ஆறு கட்டில் போட்ட ரூம். போன மாதம் பக்கத்துக் கட்டில்காரர் விசா கேன்சலாகி ஊருக்குப் போய்விட்டார். அவர் தலை சாய்த்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை. அன்று இரவு, புது ஆள் வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தவன், நனைக்காமலே மடித்து வைத்துவிட்டேன்.