சுரண்டிய இடம் கறுக்காது

அழிரப்பருக்கு வேலையே இல்லாத ஓவியத் தொழில் ஒன்று உண்டென்றால், அது கறுப்பு அட்டையைச் சுரண்டிப் படம் எடுப்பதுதான். வெள்ளைப் பூச்சு கொடுத்த அட்டைமேல் கறுப்பு மை தடவி, காய்ந்தபின் பிளேடு முனையால் கீறினால், அடியிலிருக்கும் வெள்ளை கோடாக வெளியே வரும். வந்த கோட்டைத் திருப்பி உள்ளே அனுப்ப வழியில்லை. ஒருமுறையாவது கை தவறிப்போய் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அட்டை

தருமபுரியில் இந்த அட்டை கிடைப்பதில்லை. நானே செய்கிறேன். சுண்ணத்தூளைப் பசையில் குழைத்து நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாள் தேய்ப்பு, கடைசியில் மை. ஐந்து நாள் ஆகும். மை வாங்கும் கடைக்காரர் ஒருநாள் எதற்கு என்று கேட்டார். ஆந்தைப் படம் ஒன்றைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளைத் தாள்ல கறுப்பா வரைஞ்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே சார்?"

யானை

பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களுக்கு வரைந்தே என் வயது போனது. கடைசியாக அனுப்பியது ஒரு யானை. தோலின் ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனிக் கீறல். அதன்பிறகு அவர்கள் படம் கேட்கவில்லை. இறந்தவர்களின் முகம் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தச் சிறுவர் பக்கத்தைக் கவனித்த ஆசிரியர் மரியாதையாகத்தான் சொன்னார்: "யானை பிரமாதம் சார். பிள்ளைங்க கலர் அடிக்கத்தான் எடமே இல்ல."

கை

மாரண்டஹள்ளியில் தக்காளி போடும் முருகேசன் மகளுடன் வந்தார். மனைவி மாதம்மாள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. திவசத்துக்கு மாலை போட ஒரு படமில்லை. வாக்காளர் அட்டையில் இருப்பது திடுக்கிட்ட முகம். செல்போனில் ஒன்றே ஒன்று: ஒரு கல்யாண வீட்டில் அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"அந்தக் கைய மட்டும் எடுத்துட்டுப் போடுங்க சார்" என்றார் முருகேசன். கைக்கு அடியில் இருக்கும் வாயை நான் பார்த்ததில்லையே என்றேன். மகள் செல்வி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பாவிடம் கேட்டாள்: "அம்மா கைய எடுத்துட்டு எப்பப்பா சிரிச்சிருக்குது?"

முடி

கையைப் படத்தில் அப்படியே விட்டேன். விரல்களுக்கு இரண்டு நாள், கண்களுக்கு மூன்று நாள். செல்போன் படத்தில் உச்சந்தலையில் வெள்ளை தெரிந்தது. முப்பத்தொன்பது வயதுக்கு நரை சகஜம் என்று இழை இழையாக நான்கு நாள் கீறினேன். வெகுநாளைக்குப் பிறகு என் வேலை எனக்கே பிடித்திருந்தது.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்பு செல்வி பார்க்க வந்தாள். அம்மாவின் கண்களைப் பார்த்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பார்வை மேலே போனது. "எங்கம்மாவுக்கு ஒரு நரைகூடக் கெடையாதுங்க சார். கல்யாணத்துக்குப் போறோம்னு எண்ணெய அப்பிக்கிச்சு, அதுல ஃபிளாஷ் அடிச்சிருக்குது."

மாலை

இரண்டு நாளில் புது அட்டை காயாது. கீறிய இடத்தில் மை தடவிப் பார்த்தேன். பள்ளங்களில் இறங்காமல் பளபளவென்று திட்டாக நின்றது. துடைத்தேன். நரை சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தது.

திவசத்தன்று காலை முருகேசன் வந்தார். நடந்ததைச் சொன்னேன். படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. படத்தை என் மேசைமேல் பதமாக வைத்துவிட்டு, என்னிடம் கொடுத்துவைத்திருந்த வாக்காளர் அட்டையைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அச்சு அசலா எங்க மாமியாருங்க சார். அவங்க அரூர்ல உசுரோட இருக்கறாங்க, மாலை போட முடியாதுங்களே."

இந்தத் தொழிலில் ஒருவருக்கு வயதைக் கூட்ட ஒரு பிளேடு போதும், குறைக்கத்தான் எந்தக் கடையிலும் சாமான் விற்பதில்லை.