டைலருக்குப் போடுகிற டி

துளசிக்கு வாய் நீளம் என்று செவிலிமேட்டில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, பேசிவிட்டுப் போவார்கள். தினகரனைப் போல ஒருவனைக் கட்டிக்கொண்டால் எந்தப் பெண்ணுக்கும் வாய் நீளத்தான் செய்யும்.

தினகரன் கோயில் வாசலில் நிற்கிறவன். சாமி கும்பிட அல்ல. பட்டுப்புடவை வாங்க வரும் வெளியூர்க்காரர்களைச் செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே மடக்கி, "கடைக்குப் போனா ஏமாத்திடுவாங்க சார், நான் நெய்யற எடத்துக்கே கூட்டிக்கினு போறேன்" என்பான். பிறகு நேராகக் கடைக்கே கூட்டிப்போய் விட்டுவிட்டு, பின்வாசலில் கமிஷன் வாங்கிக்கொள்வான். ஆந்திராக்காரர்களிடம் தெலுங்கு, வடக்கத்திக்காரர்களிடம் இந்தி, வெள்ளைக்காரர்களிடம் "கம், கம், குட் சில்க்". நாலு பாஷையில் பொய் சொல்லத் தெரியும் என்பதுதான் அவன் வாழ்நாளில் சேர்த்த படிப்பு. சட்டைப் பையில் ஒரு அட்டை குத்திக்கொண்டு தன்னைத் தானே கைடு என்று சொல்லிக்கொள்வான்.

மகள் கீர்த்தி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, "பெங்களூரு பார்ட்டி வந்துகீது, சுத்திக் காட்டிட்டு வரேன்" என்று போனவன் திரும்பி வந்தது இன்னொருத்தி வீட்டுக்கு. ஊரை விட்டு ஓடியிருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அந்த ரோஷம்கூட இல்லை. அதே ஊரில், அதே கோயில் வாசலில் மறுநாளும் வந்து நின்றான். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் எதிரே வந்தால், பக்கத்தில் இருக்கும் பார்ட்டிக்கு எதையோ காட்டுகிற சாக்கில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத் திரும்பிக்கொள்வான். கோபுரத்துக்கு மட்டும் வாய் இருந்தால் காறித் துப்பியிருக்கும் என்பாள் துளசி.

துளசி தையல் மிஷினை வாசல் அறையில் போட்டாள். பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாள், ரவிக்கை தைத்தாள், கல்யாண சீசனில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் தைத்தாள். கீர்த்தியை ஏனாத்தூரில் காலேஜ் வரை படிக்க வைத்தாள். உணவு சம்பந்தமான படிப்பு. கடைசி வருஷம் வந்ததும் அந்தப் பெண், மேலே படிக்க இங்கிலாந்து போகிறேன் என்றாள். பேங்கில் கடன் தருவார்கள் என்றும் சொன்னாள். துளசி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "போ. ஆனா போற எடத்துல ஒழுங்கா சாப்புடு" என்றாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த ஆலோசனை.

ஏனாத்தூரில் ஒரு மண்டபத்தில், வெளிநாட்டுப் படிப்பு பற்றிக் கூட்டம் என்று பெற்றோரையும் வரச் சொன்னார்கள். நடத்தியவர் ஜெபகுமார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்துப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவர் தாண்டிப் போன ஒரே எல்லை ஆந்திரா எல்லை. ஆனால் டை கட்டியிருந்தார். லண்டன் மழையைப் பற்றி, நனைந்துவிட்டு வந்தவர் மாதிரி பேசினார்.

பிறகு கேள்விகளைக் கேட்கச் சொன்னார். கேட்டார்கள் பாருங்கள். அரியர் இருந்தா சேத்துப்பாங்களா சார். இங்கிலீஷ் பரீட்சை எழுதாம போக வழி இருக்குதா சார். பார்ட் டைம் வேலை முதல் நாளே கெடைக்குமா. படிச்சு முடிச்சா அங்கயே தங்கிடலாமா. ரூம்ல சோறு வடிக்க விடுவாங்களா. ஒருத்தன் எழுந்து, குக்கர் எடுத்துக்கினு போலாமா என்றான். அவன் அப்பா எழுந்து, பெரிய குக்கரா சின்ன குக்கரா என்று அதைத் தெளிவுபடுத்தினார். என்ன பாடம் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை. துளசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதுங்களை ஏற்றிப்போகிற விமானத்துக்குப் பெட்ரோல்தான் தண்டம் என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னாள். அந்த அம்மாள் குக்கர்காரனின் தாய்.

கடைசியில் கீர்த்தி எழுந்தாள்.

"சார், பாஸ்போர்ட்ல சர்நேம்னு ஒண்ணு கேக்கறாங்க. நமக்குதான் அது இல்லியே, இனிஷியல்தானே இருக்குது. அங்க இன்னா போடறது?"

"குட் கொஸ்டின்மா. அப்பா பேரை முழுசா எழுதிட வேண்டியதுதான். அப்பா பேரு இன்னா?"

"தினகரன்."

"அவ்ளோதான். அங்க போனா யாரும் உன்னை கீர்த்தின்னு கூப்பிட மாட்டாங்க. ஐடி கார்டு, மெயில், அட்டெண்டன்ஸ் எல்லாத்துலயும் மிஸ் தினகரன்தான். அப்பாவை கூடவே கூட்டிக்கினு போன மாதிரி. பெருமைதானேம்மா?"

மண்டபம் சிரித்தது. கீர்த்தி சிரிக்கவில்லை.

செவிலிமேடு போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். "அம்மா, நான் போகலம்மா."

துளசி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவள் இந்தப் பக்கம் திரும்பினாள். "இன்னா ஒளறுற?"

"அந்தாளு பேரை சொல்லி என்னை தெனமும் கூப்பிடுவாங்களாம். காலைல எழுந்தா அந்தாளு பேரு. கிளாசுக்குப் போனா அந்தாளு பேரு. நாளைக்கு வேலைக்குப் போனாலும் அதான். என்னைப் பாத்தா மூஞ்சியை திருப்பிக்கினு நிப்பான்மா. அவன் பேரை நான் கடல் தாண்டி தூக்கிக்கினு போவணுமா? அதுக்கு நான் இங்கயே இருந்துடறேன்."

"பைத்தியமா உனக்கு? ஒரு பேருக்காக படிப்பை விடுவாங்களா?"

"நீயே சொல்லு. அந்தப் பேரை சொல்லி உன்னைக் கூப்பிட்டா நீ திரும்பிப் பாப்பியா?"

துளசி மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் சொன்னதைச் செய்கிறவள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பிடிவாதம் அவளிடமிருந்தே மகளுக்குப் போனதுதான்.

இந்த லட்சணத்தில் அந்த வாரமே தெருமுனையில் ஒரு பேனர் முளைத்தது. கூட்டத்துக்கு வந்திருந்த எவனோ டீக்கடையில் சொல்லி, சேதி தினகரன் காதுக்குப் போயிருக்கிறது. வெள்ளைச் சட்டையில், கும்பிட்ட கையோடு, ஆள் உயரத்துக்குத் தினகரன். கீழே ஓர் ஓரத்தில் கீர்த்தி. கீர்த்தியா அது? ரெட்டைச் சடை, முன்பல் இல்லாத சிரிப்பு. இரண்டாம் வகுப்பில் எடுத்த படம். அதற்கப்புறம் மகளின் படம் ஒன்றுகூட அவனிடம் இல்லை என்பதை ஊருக்கே காட்டுகிறோம் என்ற சுரணை இல்லாமல், 'லண்டன் செல்லும் செல்ல மகளை வாழ்த்தும் அன்புத் தந்தை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

சாயங்காலம் ஆளே வந்தான். வாசல் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கூப்பிடாத வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"பாஸ்போர்ட்ல எம்பேரு வருதாமே. ஜெபகுமார் சார் சொன்னாரு. நல்லதாப் போச்சு. கோயிலுக்கு வர வெள்ளைக்காரனுங்ககிட்டயே சொல்லிட்டேன், எம்பேரு உங்க ஊருக்கு வருதுன்னு."

"நீ போனா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பேரை மட்டும் அனுப்பறியா?" என்றாள் துளசி, மிஷினை நிறுத்தாமல்.

"இப்படியே பேசு. அப்பன் பேரு இல்லாம ஒரு நாட்டுலயும் உள்ள விடமாட்டான், தெரியுமா? நான் பெத்ததுக்கு அந்த மரியாதைகூட இல்லியா?"

பெற்றானாம். துளசி எழுந்துபோய் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் காலியான மிஷினைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

உள்ளே கீர்த்தி பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, தினகரன்னு இங்கிலீஷ்ல எழுதினா எந்த டி-ம்மா போடணும்?"

"எனக்கு இன்னாடி தெரியும்? ஏதோ டி."

"டாக்டருக்குப் போடற டி. எல்லா தினகரனும் அதான் போடுவான். அந்தாளு ஆதார்லயும் அதான் இருக்கும். ஆனா எனக்கு இனிஷியல் பாரு. டைலருக்குப் போடற டி."

துளசிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கீர்த்தியை ஸ்கூலில் சேர்க்கப் போன அன்று, நானே எழுதிக்கொள்கிறேன் என்று டீச்சர் சொன்னதும் தினகரன் பேனாவைப் பிடுங்கி, நான் வெள்ளைக்காரனோடயே பேசறவன் என்று தானே இனிஷியலோடு பேரை எழுதினான். தமிழில் தினகரனுக்கும் துளசிக்கும் ஒரே த-தான். இங்கிலீஷில் அது இரண்டாகப் பிரியும் என்று நாலு பாஷைக்காரனுக்குத் தெரியவில்லை. டீச்சர் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, எம்பேரு எனக்குத் தெரியாதா என்று அந்த அம்மாவை அதட்டினான். அந்த எழுத்து அப்படியே டிசி, மார்க் ஷீட், ஆதார் என்று கீர்த்தியோடு வளர்ந்துவிட்டது.

"அதனால இன்னா இப்ப?"

"அவன் பேருக்கு அந்த எழுத்து ஒத்தே வராதும்மா. வேற யார் பேருக்கு ஒத்து வரும், சொல்லு."

துளசி யோசித்தாள். வாசலில் தொங்குகிற 'துளசி டைலர்ஸ்' போர்டு இங்கிலீஷிலும் இருக்கிறது, இரண்டு வார்த்தைக்கும் அதே எழுத்து. அவள் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கீர்த்தியும் சிரித்தாள். ஆனால் அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஜெபகுமார் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா பேரை எல்லாம் யாரும் போடறதில்லம்மா, விசால பிரச்சினை வரும்" என்று பயமுறுத்தினார். எந்தப் பிரச்சினை என்று துளசி கேட்டதற்கு, பொதுவாக வரும் என்றார். பாஸ்போர்ட் ஆபீசில் இருந்த பெண்ணோ சர்டிபிகேட்டைப் பார்த்தாள், துளசியின் ஆதாரைப் பார்த்தாள், இனிஷியலுக்கு விரிவு அம்மா பேரா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் கீர்த்தி. அந்தப் பெண் தட்டிக்கொண்டே போனாள். ஜெபகுமார் ஆயுசுக்கும் கட்டிய டை இந்த ஒரு நிமிஷ வேலைக்குக்கூட உதவவில்லை.

விசாவும் வந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் தினகரன் மறுபடியும் வந்து, பாஸ்போர்ட்டைக் காட்டு என்று நின்றான். கீர்த்தி அம்மாவைப் பார்த்தாள். துளசி எடுத்து நீட்டினாள். அவன் சர்நேமின் முதல் எழுத்தைப் பார்த்தான். ஸ்கூலில் தன் கையால் எழுதிய அதே எழுத்து. அதற்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்குப் பொறுமையும் இல்லை, அந்த அளவுக்கு இங்கிலீஷும் இல்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தான். கீர்த்தி எதையோ சொல்ல வாயெடுத்தாள். துளசி கண்ணாலேயே அடக்கினாள்.

"இப்ப சொன்னா ரகளை பண்ணுவான். நீ மொதல்ல போய்ச் சேரு" என்றாள் அவன் போன பிறகு.

கீர்த்தி போய்ச் சேர்ந்தாள். தினகரன் கோயில் வாசலில் நின்று, ஃபாரினில் தன் பேரைத் தினமும் சொல்கிறார்கள் என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் அளந்துகொண்டிருந்தான். அதைக் கேட்டு ஒரு கடைக்காரர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். அந்தத் தெம்பில் ஒரு மத்தியானம், மகள் சௌக்கியமா என்று கேட்கிற சாக்கில், துளசியின் வாசல் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டான்.

"நம்ம பொண்ணு அங்க எப்படி கீது?" என்றான்.

நம்ம பொண்ணாம். துளசி பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. கீர்த்திதான், வீடியோவில். கழுத்து வரை கம்பளி சுற்றிக்கொண்டு ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். துளசி போனை ஃபால்ஸ் துணி மேல் சாய்த்து வைத்தாள்.

"சாப்ட்டியா?"

"ஆச்சும்மா. கிளாசுக்குப் போய்க்கினு இருக்கேன்."

"நான்தாம்மா, அப்பா" என்று தினகரன் தலையை உள்ளே நீட்டினான். "அங்க எம்பேரை சொல்லித்தானே கூப்பிடறாங்க?"

கீர்த்தி அவனைப் பார்த்தாள். அதற்குள் அவள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், வெள்ளைக்காரப் பெண்ணின் குரல், பஸ் வந்துவிட்ட அவசரத்தில் உரக்கக் கூப்பிட்டது. "துலாஸி! துலாஸி!"

"இன்னாம்மா?" என்றாள் துளசி, செவிலிமேட்டிலிருந்து. வாய் முந்திக்கொண்டுவிட்டது.

அங்கே கீர்த்தியும் திரும்பி, "கமிங்" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கையசைத்துக்கொண்டே ஓடினாள். போன் அணைந்தது.

தினகரன் போனைப் பார்த்தான். துளசியைப் பார்த்தான்.

"இன்னா, உன்னையா கூப்பிட்டாங்க?"

"எங்க ரெண்டு பேரையும்தான்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினான். துளசி மிஷினில் துணியை வைத்து, ஊசிக்குக் கீழே சரிசெய்தாள்.

"அப்ப என் பேரு?" என்றான் தினகரன்.

"உன் ஆதார்ல இருக்குதுல்ல. பத்திரமா வச்சிக்க. வேற எங்கயும் இல்ல."